சொல்லாமல் விட்டது எது? எடுகோள் கண்டுபிடிக்கும் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்கித் தேர்வு, சிவில் சர்வீஸ் முதல்நிலை என்று எதற்குப் படித்தாலும் ‘கூற்றும் அனுமானமும்’ என்றொரு பகுதி வந்து நிற்கும். ஒரு வாக்கியம் தருவார்கள். அதைச் சொன்னவர் வெளியே சொல்லாமல் எதை ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று கேட்பார்கள். எங்கள் பகுதி நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பேர் சேர்ந்து படிக்கிறோம். கணக்குப் பாடத்தில் வராத சண்டையெல்லாம் இந்தப் பகுதியில்தான் வரும். அங்கே திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும், நான் சொல்லி வரும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எடுகோள் என்றால் சரியாக எது?

டீக்கடைக் கல்லாவுக்கு மேலே தொங்கும் பலகையை எடுத்துக்கொள்வோம்: ‘கடன் அன்பை முறிக்கும்.’ மூன்றே சொல். கடைக்காரர் இதை மாட்டுவதற்கு முன் எத்தனை விஷயங்களை மனதுக்குள் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும் என்று பாருங்கள். வருகிறவர்களில் கடன் கேட்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கும் தனக்கும் நடுவில் ‘அன்பு’ என்று சொல்லத்தக்க ஏதோ ஒன்று இருக்கிறது. அது முறிவதை அவர்கள் விரும்ப மாட்டார்கள். பலகையைப் படித்துவிட்டுச் சிலராவது கேட்காமல் போவார்கள். இதில் ஒன்றுகூடப் பலகையில் எழுதப்படவில்லை. ஆனால் இவற்றில் ஒன்றை உருவிவிட்டால் பலகைக்கு வேலையே இல்லை. கடன் கேட்கிற ஆளே இல்லாத ஊரில் அதை எதற்கு ஆணி அடித்து மாட்ட வேண்டும்?

சொன்ன பேச்சு சாயாமல் இருக்கக் கீழே முட்டுக் கொடுத்திருக்கும் சொல்லாத பேச்சுதான் எடுகோள். இதில் கவனிக்க வேண்டியது, முட்டு வேறு, வீட்டுக்குள் இருக்கும் சாமான் வேறு. ‘கடைக்காரர் யாருக்குமே கடன் கொடுக்க மாட்டார்’ என்பது எடுகோளா? இல்லை. கல்லாப் பெட்டிக்கு அடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கும். அதில் நாலைந்து பேர் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். அப்படி இருந்தாலும் பலகை தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

பக்கத்துக் கடையில் ‘இன்று ரொக்கம் நாளை கடன்’ என்று இருக்கும். அந்த நகைச்சுவையே எடுகோளில்தான் ஒளிந்திருக்கிறது. ‘இன்று’ என்றால் பலகை எழுதிய நாள் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். பலகையோ படிக்கிற நாளைச் சொல்கிறது. நாளைக்குப் போனாலும் ‘இன்று’தான்.

புத்தகத்தில் ‘அனுமானம்’ என்று போட்டிருக்கிறதே, நீங்கள் ஏன் வேறு சொல் சொல்கிறீர்கள்?

அந்தச் சொல்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்பது என் கட்சி. தமிழில் ‘அனுமானம்’ இரண்டு வேலை செய்கிறது. கண்டதை வைத்துக் காணாததை முடிவு செய்வதும் அனுமானம். முன்கூட்டியே ஒப்புக்கொண்டு பேசுவதும் அனுமானம். தேர்வில் இரண்டும் தனித்தனிப் பகுதி. ஒன்று வாக்கியத்திலிருந்து மேலே போவது, இன்னொன்று வாக்கியத்துக்கு அடியில் தேடிப் போவது.

‘தண்ணி லாரி வந்துடுச்சு, குடத்தை எடு’ என்று அம்மா சொல்கிறார். ‘அப்போ இன்னைக்குக் குழாயில் தண்ணீர் வரலை போல’ என்று நீங்கள் நினைத்தால், அது வாக்கியத்திலிருந்து மேலே போய் எட்டிய முடிவு. ‘வீட்டில் காலியாக ஒரு குடம் இருக்கிறது’, ‘லாரியில் கொடுக்கும் தண்ணீர் நமக்கு ஆகும்’, ‘பிடிக்க ஆள் போனால் கிடைக்கும்’ ஆகியவை அம்மா வாயைத் திறப்பதற்கு முன்பே ஒப்புக்கொண்டவை. தேர்வில் கேட்பது இந்த இரண்டாவது வகை. அதனால் நான் ‘எடுகோள்’ என்றே சொல்லிப் பழகிவிட்டேன். உங்கள் வினாத்தாளில் அனுமானம் என்று இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள், எந்தப் பக்கம் போகிறோம் என்பது மட்டும் மறக்கக் கூடாது.

இதெல்லாம் இங்கிலீஷ்காரன் கொண்டுவந்த பாடம்தானே?

இல்லை. மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் அளவை பாடம், அதாவது ஒன்றை எப்படி அறிந்து நிறுவுவது என்ற பாடம் நடத்துகிறார். ‘இந்த மலையில் நெருப்பு இருக்கிறது’ என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று. ‘புகை இருப்பதால்’ என்பது ஏது, அதாவது காரணம். ‘அடுக்களை போல’ என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. அப்புறம் உபநயம் (இந்த இடத்துக்குப் பொருத்துவது), நிகமனம் (முடித்துச் சொல்வது) என்று இன்னும் இரண்டு உறுப்பு. மொத்தம் ஐந்து. நாம் தினசரிப் பேச்சில் ‘அங்கே புகையுது, நெருப்புப் பிடிச்சிருக்கு’ என்று இரண்டோடு நிறுத்திக்கொள்கிறோம். புகை இருந்தால் நெருப்பு இருக்கும், சமையல்கட்டில் பார்த்ததில்லையா என்கிற உறுப்பைக் கேட்பவர் தலையில் விட்டுவிடுகிறோம். கேட்பவர் தானே நிரப்பிக்கொள்வார் என்று ஒரு படியை விட்டுப் பேசுவதைப் பற்றி அரிஸ்டாட்டிலும் தம் பேச்சுக்கலை நூலில் சொல்லியிருக்கிறார்.

இன்னும் நெருக்கமான ஒன்று 27ஆம் காதையில் இருக்கிறது. அளவைகளின் வரிசையில் அருத்தாபத்தி என்று ஒன்று. அதற்கு உதாரணம்: ஆயர் குடியிருப்பு கங்கையில் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், கரையில் இருக்கிறது என்று எண்ணிக்கொள்வது. ஆற்றுத் தண்ணீருக்குள் யாரும் மாடு கட்டிக் குடியிருக்க முடியாது. அந்த வாக்கியம் நிற்க வேண்டுமானால் ‘கரையில்’ என்ற ஒன்றை நாம் கொண்டுவந்து சேர்த்தாக வேண்டும். எடுகோள் தேடுகிறவர் செய்வதும் இந்த வேலைதான்.

கண்டுபிடிக்க உறுதியான வழி ஏதாவது உண்டா?

மறுத்துப் பார்ப்பது. கொடுத்திருக்கும் அனுமானத்தை எதிர்மறையாக்குங்கள். அதற்குப் பிறகும் கூற்று தன்பாட்டுக்கு நின்றால் அது எடுகோள் இல்லை. கூற்று ஆட்டம் கண்டால் எடுகோள்.

ஒன்றைச் செய்து பார்ப்போம்.

கூற்று: ‘பொங்கலை முன்னிட்டு நான்கு நாட்களுக்குச் சென்னையிலிருந்து தென் மாவட்டங்களுக்குச் சிறப்புப் பேருந்துகள் இயக்கப்படும்.’

அனுமானம் 1: அந்த நாட்களில் வழக்கமாக ஓடும் பேருந்துகள் மட்டும் போதாது.
அனுமானம் 2: ஊருக்குப் போகிறவர்கள் எல்லாரும் பேருந்தில்தான் போவார்கள்.
அனுமானம் 3: சிறப்புப் பேருந்துகள் விட்டால் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் நெரிசலே இருக்காது.

முதலாவதை மறுத்தால் ‘வழக்கமான பேருந்துகளே போதும்’ என்றாகிறது. அப்படியானால் கூடுதல் வண்டி எதற்கு? கூற்று ஆடுகிறது, எடுகோள்தான். இரண்டாவதை மறுத்தால், ரயிலில் போகிறவர்களும் காரை எடுத்துக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள் என்றாகிறது. இருக்கட்டுமே, பேருந்துக்கு வரும் கூட்டத்துக்குத்தானே சிறப்புப் பேருந்து? கூற்று அசையவில்லை. மூன்றாவதை மறுத்தால் கொஞ்சம் நெரிசல் இருக்கத்தான் செய்யும். அதற்காக வண்டி விடாமல் இருப்பார்களா?

இந்த மூன்றாவதில்தான் எங்கள் ஆட்கள் அதிகம் விழுகிறார்கள். ஒரு காரியத்தைச் செய்கிறவர், அது ஓரளவுக்கு உதவும் என்று நம்பினால் போதும். பிரச்சினையை அடியோடு தீர்க்கும் என்று நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை. அரசு அறிவிப்பு, நிர்வாகச் சுற்றறிக்கை, எச்சரிக்கைப் பலகை எல்லாவற்றிலும் இந்த ஒரு வேறுபாட்டை வைத்தே பாதிக் கேள்விகளைக் கழித்துவிடலாம்.

மறுத்துப் பார்த்தேன், அப்படியும் தப்பாக வந்தது. ஏன்?

பெரும்பாலும் மறுத்த விதத்தில் கோளாறு இருக்கும். அதிலும் தமிழில் யோசிக்கிறவர்களுக்கு ஒரு தனிக் கண்ணி உண்டு.

‘எல்லாரும் வருவார்கள்.’ இதன் மறுப்பு என்ன? ‘எல்லாரும் வர மாட்டார்கள்’ என்று வாயில் சட்டென்று வரும். ஆனால் அந்த வாக்கியத்துக்கு இரண்டு பொருள் இருக்கிறது. ஒருத்தரும் வர மாட்டார்கள் என்றும் ஆகும். அத்தனை பேரும் வருவார்கள் என்று இல்லை, ஒருவராவது வர மாட்டார் என்றும் ஆகும். கல்யாண வீட்டில் ‘எல்லாரும் சாப்பிடலை’ என்று யாராவது சொன்னால், பந்தி இன்னும் போடவில்லையா, இல்லை இரண்டு பேர் பாக்கியா என்று திரும்பக் கேட்கத்தானே செய்கிறோம்?

நமக்கு வேண்டிய மறுப்பு இரண்டாவது பொருள் மட்டும். அதனால் ‘வராதவர் ஒருவராவது இருப்பார்’ என்று எழுதிப் பழகுங்கள். ‘சிலர் வருவார்கள்’ என்பதன் மறுப்பு ‘ஒருவர்கூட வர மாட்டார்’. ‘பெரும்பாலோர் வருவார்கள்’ என்பதன் மறுப்பு ‘வருகிறவர்கள் பாதியோ அதற்குக் குறைவோதான்’. ‘பெரும்பாலோர் வர மாட்டார்கள்’ என்பது மறுப்பு இல்லை. சரிபாதிப் பேர் வந்தால் இரண்டுமே பொய்யாகிவிடும்.

‘மட்டுமே’, ‘எல்லா’, ‘ஒருபோதும்’ வந்தால் அடித்துவிடலாம் என்கிறார்களே?

நேரம் இல்லாதபோது கை கொடுக்கும் குறுக்கு வழி அது. ஆனால் அதை விதி என்று நம்பிப் போனால் ஒரு நாள் காலை வாரும்.

குடோன் காவலாளி சொல்கிறார்: ‘இந்தப் பூட்டுக்கு ஒரே சாவிதான். ராத்திரி முழுக்க அது என் இடுப்பில் இருந்தது. அதனால் உள்ளே யாரும் போயிருக்கவே முடியாது.’

எடுகோள்: பூட்டைத் திறக்காமல் உள்ளே போக வேறு எந்த வழியும் இல்லை. ‘எந்த வழியும் இல்லை’ என்று எவ்வளவு கடுமையாக இருக்கிறது பாருங்கள். குறுக்கு வழிக்காரர் இதை அடித்துவிடுவார். மறுத்துப் பாருங்கள்: ஓட்டைப் பிரித்து இறங்க ஓர் இடம் இருக்கிறது. காவலாளி சொன்ன ‘முடியவே முடியாது’ அந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறது. கூற்று கறாராக இருந்தால் அதைத் தாங்கும் எடுகோளும் கறாராகத்தான் இருக்கும். ‘யாரும் போயிருக்க மாட்டார்கள் என்று தோணுது’ என்று அவர் தணிவாகச் சொல்லியிருந்தால், ‘வேறு வழியில் போவது சுலபம் இல்லை’ என்கிற லேசான எடுகோள் போதும்.

தேவையான எடுகோள், போதுமான எடுகோள் என்று பிரிக்கிறார்கள். நடைமுறையில் வித்தியாசம் இருக்கிறதா?

இருக்கிறது. ‘அவன் நம்ம ஊர்ப் பையன், நம்பிப் பணம் கொடுக்கலாம்’ என்கிறார் ஒரு பெரியவர்.

‘நம்ம ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் யோக்கியமானவர்கள்’ என்று வைத்துக்கொண்டால் அவர் பேச்சு கச்சிதமாக நிரூபணம் ஆகிவிடும். அது போதுமான எடுகோள். ஆனால் அவர் அதை நம்ப வேண்டியது இல்லை. போன வருடம் சீட்டுப் பணத்தோடு ஓடிப்போனவரும் இதே ஊர்தான் என்பது அவருக்கும் தெரியும். அவருக்குக் கட்டாயம் வேண்டியது இவ்வளவுதான்: ஒரே ஊர் என்பது நம்பகத்துக்கு ஓரளவாவது ஆதாரம் ஆகும். இது தேவையான எடுகோள். இதையும் மறுத்துவிட்டால் அவர் வாக்கியத்தின் முன்பாதிக்கும் பின்பாதிக்கும் தொடர்பே அறுந்துவிடும்.

வங்கித் தேர்வுகளில் ‘உள்ளடங்கியிருக்கிறது’ என்று கேட்டால் தேவையானதைத்தான் கேட்கிறார்கள். அமெரிக்காவில் சட்டக் கல்லூரிக்கு எழுதும் எல்சாட் தேர்வில் இரண்டையும் தனித்தனியாகக் கேட்பார்கள். அந்தத் தேர்வின் பழைய கேள்விகள் கிடைத்தால் விடாதீர்கள். நம் ஊர் மாதிரி வினாக்களைவிட நேர்த்தியானவை.

தமிழில் எடுகோள் எங்கே அதிகம் ஒளிந்திருக்கிறது?

சின்னச் சின்ன ஒட்டுகளில். எனக்கு இந்தப் பகுதியில் மிகவும் பிடித்த கேள்வி இது.

ரிசல்ட் வந்த அன்று பக்கத்து வீட்டு மாமி கேட்கிறார்: ‘என்னடா, அவன்கூட பாஸாயிட்டானாமே?’ அந்தக் ‘கூட’வை மட்டும் எடுத்துப் பாருங்கள். வேறு சிலர் பாஸாகியிருக்கிறார்கள். பாஸாவார்கள் என்று எதிர்பார்க்கப்பட்டவர்கள் வரிசையில் இவன் கடைசியில் நிற்கிறான். ‘கூட’வை எடுத்துவிட்டு ‘அவன் பாஸாயிட்டானாமே’ என்று கேட்டால் செய்தி அப்படியே இருக்கிறது; அவமானம் மட்டும் காணாமல் போய்விடுகிறது.

‘நீயாவது சொல்லியிருக்கலாம்.’ மற்றவர்கள் சொல்லவில்லை. உனக்கு விஷயம் தெரிந்திருந்தது. உன்னிடம் மற்றவர்களிடம் இல்லாத உரிமை எனக்கு உண்டு. மூன்றும் ‘ஆவது’ தாங்கிக்கொண்டு வருகிறது.

‘இன்னும் வேலை கிடைக்கலையா?’ என்பதில் ‘இன்னும்’ என்ற சொல்லுக்குள், இந்நேரம் கிடைத்திருக்க வேண்டும் என்று ஒரு காலக்கெடுவே இருக்கிறது. யார் வைத்த கெடு என்று மட்டும் கேட்கக் கூடாது.

நம் இலக்கணக்காரர்கள் இதை எப்போதோ கவனித்து வைத்திருக்கிறார்கள். ‘சாத்தனும் வந்தான்’ என்றால் கொற்றன் வந்ததையும் தழுவி நிற்பதால் எச்சவும்மை என்றார்கள். ஓகாரத்துக்கு ஒழியிசை என்றொரு பொருளைத் தொல்காப்பியம் சொல்கிறது. சொல்லாமல் ஒழிந்ததை உணர்த்தும் ஓசை என்று பொருள். ‘கொளலோ கொண்டான்’ என்பது அதற்கு உரைகாரர் காட்டும் உதாரணம். கொண்டது கொண்டான், ஆனால் கொண்டு பிழைத்துப் போகத் தெரியவில்லை என்பது ஒழிந்த பாதி. இன்றைக்கு நாம் ‘வாங்குறது வாங்கிட்டான்...’ என்று இழுத்து நிறுத்தும் இடம் அதுதான்.

பயிற்சிக்கு, ஒரு வாக்கியத்தை எடுத்து உம், ஏ, தான், கூட, ஆவது, இன்னும், மறுபடியும் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தும் எடுத்தும் பாருங்கள். ‘அவள் காபி குடித்தாள்’ என்ற ஒன்றிலேயே ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

கேள்வி கேட்பதில்கூட எடுகோள் இருக்குமா?

கேள்வியில்தான் ஆபத்து அதிகம். நாலு பேர் முன்னால் ஒருவர் உங்களிடம் ‘வாங்கின பணத்தை எப்போ திருப்பித் தரப் போறே?’ என்று கேட்கிறார். ‘அடுத்த மாசம்’ என்றாலும் மாட்டிக்கொண்டீர்கள், ‘தர முடியாது’ என்றாலும் மாட்டிக்கொண்டீர்கள். இரண்டு பதிலும் ‘வாங்கினேன்’ என்பதை ஒப்புக்கொள்கின்றன. கேள்விக்குப் பதில் சொல்லாமல், அதன் எடுகோளுக்குப் பதில் சொல்ல வேண்டும்: ‘நான் எப்போ வாங்கினேன்?’

எலிசபெத் லாஃப்டஸ் என்ற உளவியலாளரும் ஜான் பாமரும் 1974இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கார் விபத்துப் படம் ஒன்றைப் பலருக்குக் காட்டினார்கள். பிறகு ஒரு குழுவிடம் கார்கள் ‘மோதியபோது’ என்ன வேகம் இருந்தது என்றும், இன்னொரு குழுவிடம் ‘மோதி நொறுங்கியபோது’ என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று எல்லாரிடமும் கேட்டார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. ‘மோதிய’ குழுவில் 50க்கு 7 பேரும், ‘நொறுங்கிய’ குழுவில் 50க்கு 16 பேரும் பார்த்ததாகச் சொன்னார்கள். கேள்விக்குள் வைத்திருந்த ஒரு சொல் நினைவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

நம் நீதிமன்றங்களிலும், தன் சாட்சியை விசாரிக்கும் வக்கீல் பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்டால், எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கலாம். குறுக்கு விசாரணையில் அப்படிக் கேட்பதற்குத் தடை இல்லை.

சொன்னவருக்கே தன் எடுகோள் தெரிந்திருக்க வேண்டுமா?

தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரியாமல் இருப்பதுதான் வழக்கம். இதற்கு நான் எப்போதும் சொல்லும் சம்பவம் ஒன்று.

1983 ஜூலை 23. ஏர் கனடாவின் புது போயிங் 767 ஒன்று மான்ட்ரியலிலிருந்து எட்மன்டன் போக வேண்டும். எரிபொருள் அளவு காட்டும் கருவி வேலை செய்யவில்லை. அதனால் அளவுக் குச்சியால் அளந்து லிட்டராக்கி, எடையாக மாற்றிக் கணக்குப் போட்டார்கள். வேண்டியது 22,300 கிலோ. பெருக்க வேண்டிய எண் கிட்டத்தட்ட 0.8. அவர்கள் கையில் இருந்த எண் 1.77. அது லிட்டருக்கு எத்தனை பவுண்டு என்பதற்கான எண். பழைய விமானங்களுக்கெல்லாம் அதுதான் சரி. இந்த விமானம் கிலோவுக்கு மாறியிருந்தது.

கணக்கில் தப்பே இல்லை. பெருக்கல் சரி, கழித்தல் சரி, இரண்டாவது தடவை சரிபார்த்ததும் சரி. ‘1.77 என்பது கிலோவுக்கான எண்’ என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை, எழுதவில்லை. சொல்லியிருந்தால் யாராவது ஒருவர் மறுத்திருப்பார். 22,300 கிலோ இருக்க வேண்டிய இடத்தில் 22,300 பவுண்டு, அதாவது பத்தாயிரம் கிலோவுக்குக் கொஞ்சம் மேல்தான் இருந்தது. 41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது பிரச்சினை தெரிய ஆரம்பித்தது. சற்று நேரத்தில் இரண்டு எஞ்சினும் நின்றுவிட்டன. விமானி ராபர்ட் பியர்சனுக்குக் கிளைடர் ஓட்டிய அனுபவம் இருந்தது. கிம்லி என்ற ஊரில், கைவிடப்பட்ட விமானப்படைத் தளத்தில் இறக்கிவிட்டார். உள்ளே இருந்த 69 பேரும் பிழைத்தார்கள்.

எடுகோள் உண்மையா பொய்யா என்பது வேறு கேள்வி என்பதும் இதிலிருந்து தெரியும். 1.77 பற்றிய நம்பிக்கை பொய். ஆனாலும் அவர்கள் கணக்கின் எடுகோள் அதுதான். தேர்வறையில் ‘இது நடைமுறையில் உண்மை இல்லையே’ என்று ஓர் அனுமானத்தைத் தள்ளிவிடாதீர்கள். சொன்னவருடைய பேச்சுக்கு அது வேண்டுமா என்பதை மட்டும் பாருங்கள்.

விளம்பரங்களிலும் வீட்டு வைத்தியத்திலும் எதைத் தேடுவது?

‘அது இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்?’ என்பதை.

‘இந்தக் கஷாயம் குடிச்சேன், ஒரு வாரத்துல சளி ஓடிப்போச்சு.’ எடுகோள்: குடிக்காமல் இருந்திருந்தால் ஒரு வாரத்தில் போயிருக்காது. சாதாரண சளி ஏழு முதல் பத்து நாளில் தானாகவே போகக்கூடியது. கஷாயத்துக்கு நான் விரோதி இல்லை, எங்கள் வீட்டிலும் தூதுவளை உண்டு.

‘சென்ற ஆண்டு எங்கள் மையத்திலிருந்து 120 பேர் தேர்ச்சி’ என்று ஒரு பேனர். எத்தனை பேர் சேர்ந்ததில் 120? அந்த 120 பேர் வேறு எங்கும் படிக்கவில்லையா? இரண்டு மையங்களின் பேனரில் ஒரே முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் பேசும்போது இதைப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்திப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மனதுக்குள் மட்டும். எங்கள் பெரியம்மா ஒருமுறை, ‘பொண்ணு இன்னும் ரசம் வைக்கக் கத்துக்கலை, நாளைக்குக் கல்யாணம் ஆனா என்ன செய்வா?’ என்றார். நான் பெருமையாக, ‘பெரியம்மா, இதில் நாலு எடுகோள் இருக்கு. அவளுக்குக் கல்யாணம் ஆகும். ஆன பிறகு அவள்தான் சமைக்கணும். கட்டிக்கப் போறவனுக்குச் சமைக்கத் தெரியாது. ரசம் கத்துக்கக் கல்யாணத்துக்கு முந்தி மட்டும்தான் நேரம்’ என்று அடுக்கினேன். ‘அஞ்சாவது ஒண்ணு இருக்கு, உன்னைக் கேட்டேனா?’ என்றார். அன்று எனக்கு ரசம் இல்லை.

அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. எல்லா எடுகோளையும் வெளியே எடுத்துப் போட்டால் பேச்சே நடக்காது. ‘உப்பை எடு’ என்பதற்கு முன் பத்து வாக்கியம் பேச வேண்டியிருக்கும். நான் அடுக்கியதில் நாலாவது எடுகோளே இல்லை என்பதையும் நூலகத்தில் ஒரு தங்கை மறுத்துக் காட்டினார். கல்யாணத்துக்குப் பிறகும் கற்றுக்கொள்ள நேரம் உண்டு என்று வைத்தாலும், முதல் நாள் சமையல் பற்றிய பெரியம்மாவின் கவலை அப்படியே நிற்கும்.

எந்தத் தேர்வில் எப்படிக் கேட்பார்கள்?

வங்கி அதிகாரித் தேர்வுகளில் ஒரு கூற்றும் இரண்டு மூன்று அனுமானங்களும் தந்து, எவை உள்ளடங்கியிருக்கின்றன என்று கேட்பது பழைய வழக்கம். தவறான விடைக்குக் கால் பங்கு போகும். சிவில் சர்வீஸ் முதல்நிலையின் இரண்டாம் தாளான சிசாட்டில் 80 கேள்வி, 200 மதிப்பெண், இரண்டு மணி நேரம். அங்கே ஒரு பத்தியைத் தந்துவிட்டு, அதன் அடிப்படையில் எழுதிய அனுமானங்களில் எவை ஏற்கத்தக்கவை என்பார்கள். தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும். 33 சதவீதம், அதாவது 66 மதிப்பெண் எடுத்தால் போதும்தான். அந்த ‘போதும்தான்’ என்ற நினைப்பில் கோட்டைவிட்டவர்கள் நிறைய. டிஎன்பிஎஸ்சி குரூப் தேர்வுகளின் 25 திறனறிவுக் கேள்விகளில் கணக்கும் எண் வரிசையும்தான் பெரும்பங்கு, இந்த வகைக்காக அங்கே தனியாக மெனக்கெட வேண்டாம்.

தமிழில் பயிற்சி செய்தால் இங்கிலீஷ் வினாத்தாளுக்கு உதவுமா?

சிசாட் வினாத்தாள் இங்கிலீஷிலும் இந்தியிலும் மட்டும்தான் வரும் என்பதால் இந்தக் கவலை நியாயமானது. என் அனுபவத்தில், முதல் ஒரு மாதம் தமிழில் செய்தவர்களுக்குப் பிடி சீக்கிரம் கிடைத்தது. தெரியாத மொழியில், வாக்கியம் புரியவில்லையா, எடுகோள் புரியவில்லையா என்றே தெரியாமல் தடுமாறுவோம். பிடி கிடைத்த பிறகு இங்கிலீஷுக்கு மாறுங்கள், அங்கே கூட, ஆவது எல்லாம் வேறு உருவத்தில் உட்கார்ந்திருக்கும்.

ஒரு கேள்விக்கு எவ்வளவு நேரம்?

ஆரம்பத்தில் கணக்கே வைக்காதீர்கள். பழகிய பிறகு ஒரு நிமிடம். அதற்கு மேல் இழுத்தால் அடுத்ததுக்குப் போய்விடுங்கள்.

புத்தகம் இல்லாமல் தினமும் எப்படிப் பழகுவது?

பலகைகளைப் படியுங்கள். பஸ்ஸில் ‘படியில் பயணம் நொடியில் மரணம்’, ஓட்டலில் ‘வெளி உணவுப் பண்டங்களுக்கு அனுமதி இல்லை’, அபார்ட்மெண்ட் லிஃப்டில் ஒட்டியிருக்கும் செயலாளரின் கோபக் கடிதம். ஒரு பலகைக்கு ஐந்து எடுகோள் எழுதி, ஒவ்வொன்றையும் மறுத்துப் பார்த்து, தேறாததை அடியுங்கள்.

எங்கள் நூலக வாசலில் ‘செருப்பை வெளியே விடவும்’ என்று எழுதியிருக்கிறது. போன மாதம் அதை எடுத்துக்கொண்டோம். வருகிறவர்கள் செருப்புப் போட்டிருப்பார்கள். சொல்லாவிட்டால் சிலராவது உள்ளே போட்டுக்கொண்டு வருவார்கள். செருப்பு உள்ளே வருவது நூலகத்துக்கு நல்லதல்ல. வெளியே விட இடம் இருக்கிறது. படித்தவர்களில் சிலராவது கேட்பார்கள். இதுவரை சண்டை இல்லாமல் தேறியது. அப்போது, இரண்டு வாரத்துக்கு முன் புதுச் செருப்பைத் தொலைத்த ஒரு தம்பி எழுந்து, ‘வெளியே விட்ட செருப்பு, திரும்பி வரும்போது அங்கேயே இருக்கும்’ என்று ஆறாவதைச் சொன்னான். அது தேவையான எடுகோளா இல்லையா என்று ஒன்றரை மணி நேரம் போனது. ‘விடச் சொன்னாங்க, காக்கிறோம்னு சொல்லலையே’ என்றது ஒரு கட்சி. ‘விட்டால் போயிடும்னு தெரிஞ்சா எவன் விடுவான்?’ என்றது இன்னொரு கட்சி. இன்னும் முடிவாகவில்லை. அந்தத் தம்பி மட்டும் இப்போது செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வருகிறான்.